தம்பிக்குத் தேவைக்கு மேல், அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை: தமிழ்நாட்டின் 57 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர், ஆக 57 பேருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நான் எழுதப்போகும் விஷயத்தை எந்தக் கட்சி மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆகவே கட்சி பார்க்கவேண்டிய அவசியம் எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

வயது வந்த ஒருவரால் தன் பணத்தையும் சொத்தையும் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், அவருக்காக யார் கையெழுத்துப் போடுவது? எதுவரைக்கும் போடலாம்? போடுகிறவரை யார் கண்காணிப்பது? 18 வயது நிரம்பாதவர்களுக்கு 1890ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். வயது வந்தவர்களுக்கு அப்படி ஒரே சட்டம் கிடையாது. வெவ்வேறு காரணங்களுக்காகப் போடப்பட்ட சட்டங்களில் ஆங்காங்கே சில பிரிவுகள், அவையும் கைகொடுக்காவிட்டால் உயர்நீதிமன்றத்தின் இரக்கம். இவ்வளவுதான் கையிருப்பு.

என் வீட்டில் இந்தச் சிக்கலின் இரண்டு முனைகளிலும் ஆள் இருக்கிறார்கள். தம்பிக்கு 47 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. அம்மாவுக்கு 82 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சில ஆண்டுகளாக மறதிநோய். டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். தம்பிக்குச் சட்டம் தேவைக்கு மேல் கொடுத்தது. அம்மாவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை.

முதலில் தம்பி. பாக்குமட்டைத் தட்டு செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். நூறு வரைக்கும் கணக்கு வரும், அதற்கு மேல் நோட்டின் நிறத்தை வைத்துச் சமாளிப்பான். டீக்கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். வாய் திறக்கமாட்டான், நகரவும் மாட்டான். மீதி வந்துவிடும். தேர்தல் என்றால் தானே போய்ச் சின்னம் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு, விரலில் மையோடு தெரு முழுக்க ஒரு சுற்று வருவான். யாருக்குப் போட்டாய் என்று கேட்டால் சொல்லமாட்டான், அது ரகசியம் என்று சிறப்புப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உங்களில் ஒருவருடைய தொகுதி வாக்காளர் அவன்.

அப்பா இறந்த பிறகு அவன் பங்கு சம்பந்தமாக எந்த அலுவலகத்தில் ஏறினாலும் கார்டியன் சான்றிதழ் கேட்டார்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளைமுடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்காக மாவட்ட அளவில் ஒரு குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. ஆட்சியர் நிலை அதிகாரி ஒருவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், இந்த மூன்று பேர்தான் குழு. வழக்கு, வாய்தா எதுவும் இல்லாமல் காரியம் முடிகிறது. கால் நூற்றாண்டுக்கு முன்பே இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தக் குழுவின் முன் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஆதார், உறவுமுறை, முகவரி, எல்லாம் கேட்டார்கள். தம்பியிடம் பெயரைக் கேட்டார்கள். சொன்னான். அத்தோடு அவன் பங்கு முடிந்தது. சட்டைப் பையில் வாக்காளர் அட்டையைத் தயாராக வைத்திருந்தான், அதை யாரும் கேட்கவில்லை. "அக்காவைப் போடலாமா தம்பி?" என்ற ஒரு கேள்விக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா? சான்றிதழ் வந்தது. அவனுக்கும் அவன் சொத்துக்கும் நான் பாதுகாவலர். எந்தக் காரியத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வங்கியில் அவனுடைய கணக்கை 'பாதுகாவலர் மூலம் இயக்கப்படுவது' என்று மாற்றி, ஏ.டி.எம். அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் தானே போய் ஐந்நூறு ரூபாய் எடுத்துவந்து கொண்டிருந்தவன் அவன். "என் காசுக்கு நீ ஏன் கையெழுத்துப் போடுகிறாய் அக்கா?" என்று கேட்டான். பதில் சொல்லவேண்டியவள் நான் அல்ல என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதில் வேதனை என்னவென்றால், சட்டம் இப்படிச் செய்யச் சொல்லவே இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவே, பாதுகாவலர் தேவையா, என்ன நோக்கங்களுக்காகத் தேவை என்ற இரண்டையும் குழு ஆராயவேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. போதிய உதவி கொடுத்துப் பார்த்தும் ஒருவரால் சட்டப்படியான முடிவை எடுக்க முடியவில்லை என்றால்தான் பாதுகாவலர். அவரும் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, சம்பந்தப்பட்டவரின் விருப்பப்படி, அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' மட்டுமே. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டவரும் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து, அதாவது 2017 ஏப்ரல் 19 முதல், வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே கருதப்படுவார் என்றும் எழுதியிருக்கிறது. அப்படியானால் என் கையிலிருக்கும் சான்றிதழே பாதிக்கு மேல் செல்லாது. வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் சான்றிதழைத்தான் பார்ப்பார், சட்டப் புத்தகத்தை அல்ல. அவரைக் குறை சொல்லவும் முடியாது. படிவத்தை மாற்றவேண்டியவர்கள் மாற்றவில்லை.

அப்பா பெயரில் ஒரு வீடு இருக்கிறது. வாரிசுகள் அம்மா, நான், தம்பி. நாளை பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினால் என் பாகத்துக்கு நான் கையெழுத்துப் போடுவேன். தம்பி பாகத்துக்கும் அவனுடைய பாதுகாவலர் என்ற முறையில் நானே போடுவேன். தெருப்பக்கம் எனக்கு, கொல்லைப்பக்கம் அவனுக்கு என்று நான் எழுதினால் தடுக்க ஆள் இல்லை. உதவி செய்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் ஒரு பண விவகாரத்தில் நலன் மோதினால், உதவி செய்பவர் அந்த விவகாரத்திலிருந்து விலகவேண்டும் என்று அதே 2016 சட்டம் 13ஆவது பிரிவில் சொல்கிறது. விலகினால் என் இடத்தில் யார் வருவார்? அந்த ஒரு பத்திரத்துக்கு மட்டும் வேறொருவரை நியமித்துத் தர எந்த அலுவலகத்துக்குப் போவது? இதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "சொந்த அக்காதானே அம்மா, யார் கேட்கப்போகிறார்கள்?" என்பதுதான். நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 'யார் கேட்கப்போகிறார்கள்' என்று தொடங்கிய கோப்புகள் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

சம்பந்தப்பட்டவரிடமே கேட்பது ஒன்றும் புதிதல்ல. சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள பெண் கருவுற்றபோது, கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. குழந்தை வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார், அவருடைய சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவில் ஒருவர் சொல்லைக் கேட்கலாம் என்றால் ஐந்நூறு ரூபாய் விஷயத்தில் கேட்கக்கூடாதா?

இனி அம்மா.

அம்மாவின் ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது. அவர் பெயரில் மட்டும் ஒரு நிரந்தர வைப்புத்தொகையும் இருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணின் சம்பளம், மருந்து, டயப்பர் என்று செலவு இருக்கிறது. அவர் பணம் அவருக்கே செலவாகவேண்டும், கேட்பது அவ்வளவுதான். வைப்புத்தொகையை முறிக்கும் படிவத்தை அம்மா முன் வைத்தேன். சிவப்புப் பேனா கேட்டார். நிதானமாக ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்து, தொகை எழுதியிருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, "பையன் கூட்டலில் கோட்டைவிட்டுவிட்டான்" என்று மேலே மதிப்பெண் போட்டுக் கொடுத்தார். எழுபதுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கொடுத்திருந்தார்.

வங்கி மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். கை நடுங்கினால் வழி இருக்கிறது, பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகள் முன் வாங்கிக்கொள்வார்கள், ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே உண்டு. ஆனால் எதற்கு ரேகை வைக்கிறோம் என்று தெரியாதவரிடம் ரேகை வாங்குவது மோசடியாகிவிடும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. "கோர்ட் ஆர்டர் கொண்டுவாருங்கள் அம்மா" என்றார். எந்த கோர்ட் என்றதற்கு அவரிடம் பதில் இல்லை.

அவரிடம் இருந்திருக்கவும் முடியாது. 1912ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில்கூட மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, மனநலம் குன்றியவரின் சொத்துக்கு மேலாளரை நியமிக்கும் வழி இருந்தது. அதற்குப் பின் வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலும் அந்த அத்தியாயம் தொடர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் நீங்கியது, அதோடு அந்த அத்தியாயமும் போனது. புதிய சட்டம் நல்ல சட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். ஆனால் அந்தப் பிரதிநிதி மனநலச் சிகிச்சைக்கு மட்டும்தான் பேசலாம், வங்கிக்குப் போக முடியாது. பழைய கதவை அடைத்தது சரிதான், அதன் வழியாக எத்தனையோ பேரைப் பைத்தியம் என்று முத்திரை குத்திச் சொத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். அடைத்தவர்கள் வேறு கதவு வைக்க மறந்துவிட்டார்கள்.

2016 சட்டத்தின் 14ஆவது பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்கே போகலாமே என்று சொல்லும் வழக்கறிஞர்கள் உண்டு. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் மறதிநோய் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. மனநோய்க்கான வரையறையில் 'நினைவாற்றல்' என்று ஒரு சொல் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். வாதாடித்தான் பார்க்கவேண்டும் என்பதே சிக்கல். 82 வயதில் அம்மாவை மாற்றுத்திறனாளி என்று மருத்துவக் குழு முன் நிறுத்திச் சதவீதம் வாங்கி, பிறகு வழக்குப் போட்டு, பிறகு அந்தச் சட்டம் பொருந்துமா என்ற விசாரணை.

கோமாவில் கிடப்பவர்களின் குடும்பங்களுக்கு இதைவிடக் கஷ்டம். இவர்களுக்கென்று சட்டமே இல்லாததால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடவேண்டியிருக்கிறது. கேரள உயர்நீதிமன்றம் 2019இல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மருத்துவக் குழு பரிசோதிக்கவேண்டும், வருவாய் அதிகாரி நேரில் போய் விசாரிக்கவேண்டும், பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை தரவேண்டும். நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2024இல் ஒரு மனைவி வந்தார். கணவர் கோமாவில், சொத்து அவர் பெயரில், மருத்துவச் செலவுக்குப் பணம் இல்லை. தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. சொத்தை விற்கலாம், ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டியை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. பாராட்டவேண்டிய தீர்ப்பு. ஆனால் சொத்து மதிப்புக் கோடியைத் தாண்டும் வீட்டுக்குச் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போய் ரிட் போடுவது கட்டுப்படியாகும். மூன்று லட்ச ரூபாய் வைப்புத்தொகையும் ஓர் ஓய்வூதியப் புத்தகமும் உள்ள வீட்டுக்கு?

அதனால்தான் எல்லோரும் அம்மாவின் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். விதிப்படி பிடிக்கத் தொடங்கினால் முதல் தேதி அன்று வங்கி வாசலில் வரிசையே இருக்காது. நல்ல பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள், அம்மாவைப் பட்டினி போட்டுவிட்டுப் பணத்தை எடுப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான்.

"முன்பே பவர் எழுதி வாங்கியிருக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கியிருந்தாலும் பயனில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆவது பிரிவு: அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த முகமை முடிந்துவிடும். அதாவது அம்மா நன்றாக இருக்கும் வரை பவர் பத்திரம் செல்லும், எதற்காக எழுதினாரோ அந்த நாள் வந்ததும் செல்லாது. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, நல்ல நினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் நம்பிக்கைக்குரியவருக்கு நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து வைக்கலாம். எழுதியவர் சுயமாக முடிவெடுக்கும் திறனை இழக்கும்போதுதான் அது உயிர் பெறும். அங்கே குடியேறிய நம் ஊர்க்காரர்கள் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் அப்படி ஒன்று கிடையாது. அம்மாவுக்கு முதல் அறிகுறி தெரிந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் தெளிவாக இருந்தார். யாரிடம் எதை ஒப்படைக்கவேண்டும் என்று அவரே சொல்லியிருப்பார். சொன்னதை எழுதிவைக்க ஒரு பத்திரம் இல்லை.

பாதுகாவலர் முறையையே ஒழித்துவிடவேண்டும் என்று வாதிடும் மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்தினர் இருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆவது பிரிவை விளக்கிய குழு, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுப்பதை விட்டுவிட்டு, அவரே முடிவெடுக்க உதவும் முறைக்கு மாறவேண்டும் என்று 2014இல் சொன்னது. என் தம்பி விஷயத்தில் அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கோமாவில் இருப்பவர் விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. யாரோ ஒருவர் முடிவெடுக்கத்தான் போகிறார், அவர் கணக்குக் காட்டவேண்டியவராக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அயர்லாந்து 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு முழு மனிதரையும் நீதிமன்றக் காவலில் எடுத்துக்கொண்டிருந்த நாடு. 2023 ஏப்ரல் 26 முதல் அதை விட்டுவிட்டு, தகவல் திரட்டி உதவுபவர், சேர்ந்து முடிவெடுப்பவர், வேறு வழியே இல்லாதபோது நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதி என்று படிப்படியான முறைக்கு மாறியிருக்கிறது. தம்பிக்கு முதல் படி போதும். பத்திரப் பதிவுக்கு இரண்டாவது. அம்மாவுக்கு இன்று மூன்றாவது.

கணக்குக் காட்டுவது பற்றி இரண்டு வார்த்தை. 1999 சட்டப்படி பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்கும் தரவேண்டும். நான் தந்து வருகிறேன். இதுவரை ஒரு கேள்வி வந்ததில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு மூட்டை யூரியா குறைந்தால் தணிக்கையாளர் கிடங்கைத் தலைகீழாக்கிவிடுவார். ஒரு மனிதனின் மொத்த உடைமைக்கும் பொறுப்பானவளிடம் கேட்க ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் பிரிட்னி ஸ்பியர்ஸ் என்ற பாடகியை 2008 முதல் 2021 வரை அவர் தந்தை உள்ளிட்டோரின் பொறுப்பில் நீதிமன்றம் வைத்திருந்தது. மேடையேறிப் பாடிக் கோடி கோடியாகச் சம்பாதித்துக் கொடுத்தவர், தன் பணத்தைத் தானே செலவழிக்க முடியாதவராக இருந்தார். உலகமே கவனிக்கும் ஒருவருக்கே அதிலிருந்து மீள 13 ஆண்டுகள் ஆயின. அதன் பிறகுதான் கலிபோர்னியா 2022இல் சட்டத்தைத் திருத்தி, குறைந்த கட்டுப்பாடுள்ள மாற்று வழிகளை முதலில் ஆராயவேண்டும் என்று இறுக்கியது.

எனவே நான் கேட்பது பெரியவர்களுக்கான பாதுகாவலர் ஏற்பாடு அனைத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவரும் ஒரு சட்டம். எந்த நோயின் பெயர் என்பதை வைத்து அல்ல, எந்த முடிவை எடுக்க முடியவில்லை என்பதை வைத்து அது பேசவேண்டும். நீடித்த அதிகாரப் பத்திரத்துக்கு அதில் இடம் வேண்டும். விசாரணை மாவட்ட நீதிமன்றத்தில், கால வரம்போடு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியோடு நடக்கட்டும். இதை ஆட்சியரிடமே முழுதாக விடக்கூடாது என்பது என் எண்ணம். வெள்ள நிவாரணமும் தேர்தலும் பார்ப்பவருக்கு என் தம்பியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, கூடிப் பத்து நிமிடத்தில் கலைவதால் பயனில்லை. எந்த உத்தரவாக இருந்தாலும், அது யாரைப் பற்றியதோ அவரை நேரில் பார்க்காமல், அவரிடம் கேட்காமல் செல்லக்கூடாது. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் சமரசம் செய்துகொள்ள வேண்டாம்.

ஆளுங்கட்சி கொண்டுவராத சட்டத்தை எங்களால் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். 2015 ஏப்ரல் 24 அன்று திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. 45 ஆண்டுகளில் முதன்முறையாக ஓர் அவையைத் தாண்டிய தனிநபர் மசோதா அது. அதுவே சட்டமாகவில்லை என்பதும், பின்னர் 2019இல் அரசு கொண்டுவந்த சட்டத்தின் மீது திருநங்கையருக்கு ஏகப்பட்ட மனக்குறை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பேச்சே இல்லாத இடத்தில் பேச்சைத் தொடங்கி வைத்தது அந்த மசோதாதான். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் தனிநபர் அலுவல்களுக்கு என்று இரண்டரை மணி நேரம் உங்களுக்கு இருக்கிறது.

மசோதா எழுத நாளாகும். அதற்கு முன் அடுத்த கூட்டத்தொடரிலேயே ஒரு கேள்வி கேட்கலாம். 1999 சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் மாவட்டவாரியாக எத்தனை பாதுகாவலர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள்? அவர்களில் கடந்த நிதியாண்டுக்குக் கணக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டன? எத்தனை சான்றிதழ்களில் நோக்கமும் காலமும் குறிப்பிடப்பட்டிருக்கின்றன? வரும் பதிலை உங்கள் தொகுதியில் உள்ள சிறப்புப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களுக்கும் ஓய்வூதியர் சங்கங்களுக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள். மேற்கொண்டு என்ன கேட்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்கச் செயலாளர் (ஓய்வு),
காவிரிப் பாசனப் பகுதி